வாட மறுத்த அவகாடோ

செடி இன்றைக்கும் வாடவில்லை.

ரொட்டிக்காரர் மாடிப்படி ஓரம் குந்தி உட்கார்ந்து அந்த அவகாடோவை முறைத்தார். காலைத் தண்ணீர் அவர் பொறுப்பு, ராத்திரித் தண்ணீர் அவர் மனைவி பொறுப்பு. ஒரு வாரமாக அவர் கையால் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அதுவோ நுனியில் புதுசாக ஒரு கொத்துத் தளிர் விட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது.

"உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதா?" என்றார் செடியிடம்.

படியில் செருப்புச் சத்தம். மனைவி வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். இவருக்கு ரொட்டி ஃபேக்டரியில் இரவு வேலை. இருட்டுமுன் போனால் விடிந்துதான் வருவார். வார லீவாவது ஒன்றாக வாய்க்கக் கூடாதா? அவளுக்கு ஞாயிறு, இவருக்குச் செவ்வாய். ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே சாவி. சாயங்காலம் அவர் அதைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்; விடியற்காலையில் அந்தச் சாவி கை மாறுகிற நேரம்தான் இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற நேரம்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்றவள், "செடி எப்படிங்க இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஓ..." முகம் சுருங்கிவிட்டது. தூக்கம் பத்தவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. சாவியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

அந்த விதையைக் கொண்டுவந்ததே அவள்தான். யாரோ கொடுத்த பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையில் பல்குத்தும் குச்சிகளைச் செருகி, தண்ணீர் டம்ளரின் மேல் உட்கார வைத்தாள். தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தபோது அது வாய் பிளந்து வேர் விட்டது. முழங்கால் உயரம் வந்ததும் படியோரத்து மண்ணில் நட்டார்கள்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம், ஒருநாள் காலையில் இலையெல்லாம் தொங்கிவிட்டது. அவள் பதறிப்போய் லீவு சொன்னாள். அவரும் சொன்னார். பழைய போர்வையைக் கிழித்து நிழல் கட்டினார்கள். வேரடியில் சருகு பரப்பினார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லாமல் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் காதோரம் நரைத்திருப்பதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். "எப்பங்க வந்துச்சு இது?" என்று தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கியும் போனாள். மறுநாள் அந்தப் பாழாய்ப்போன செடி நிமிர்ந்துவிட்டது.

அப்படி இன்னொரு நாள் கிடைக்காதா என்று மனிதர் ஏங்கிப் போனார். மாவு பிசையும்போதும் அதே நினைப்பு. "உன்னைப் பாக்கணும்போல இருக்கு, லீவு போடேன்" என்று சொல்லிவிடலாம்தான். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டியிடம், அதுவும் பஸ் ஹாரன் அடிக்கிற நேரத்தில், எப்படிச் சொல்வது? வாய்வரைக்கும் வரும். "சாவி எங்க?" என்று வெளியே விழும்.

ஆகவே செடி வாட வேண்டும். நர்சரிக்காரரைப் போய்ப் பார்த்தார்.

"அண்ணே, அவகாடோவுக்கு என்ன செஞ்சா ஆகாது?"

"எல்லாரும் எப்படிப் பொழைக்க வைக்கணும்னு கேப்பாங்க. நீங்க எப்படிக் கொல்லணும்னு கேக்கறீங்களே!"

"ஐயோ, சாக வேண்டாம்ணே. லேசா வாடினா போதும். ஒரு நாள் லீவு போடற அளவுக்கு."

நர்சரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வேர்ல தண்ணி தேங்கினா இலை தொங்கிடும். ஆனா நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க."

மறுநாள் அவள் பஸ் ஏறியதும் ரெண்டு வாளித் தண்ணீரை வேரடியில் கவிழ்த்துவிட்டு, குற்ற உணர்ச்சியோடு போய்ப் படுத்தார். மத்தியானம் எழுந்து எட்டிப் பார்த்தால், செடியைச் சுற்றி அழகாக ஒரு வாய்க்கால்! தண்ணீரெல்லாம் வடிந்து, புதுச் சருகு பரப்பி, ராஜ உபசாரம் நடந்திருந்தது.

அவள்தான் வேலைக்குப் போய்விட்டாளே, வேறு யார் கை இது? சந்தேகம் தட்டியது. அடுத்த நாள் போர்வை நிழலை அவிழ்த்து எறிந்துவிட்டு, தூங்காமல் மேல்படியில் பதுங்கினார். வெயில் சுள்ளென்று ஏறியது. கீழ்வீட்டுக் கதவு திறந்தது. தையல்காரம்மா கழுத்தில் இஞ்ச் டேப்போடு, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறு கையில் போர்வையுமாக வந்தார்.

"அக்கா! நீங்களா?" என்று படியில் தடதடவென்று இறங்கினார் ரொட்டிக்காரர்.

"பின்னே யாரு?" அக்கா அசரவில்லை. "கண்ணெதிர ஒரு உயிர் காஞ்சா எனக்கு மெஷின் மிதிக்க மனசு வரல. தெனமும் நான்தான் ஊத்தறேன். நேத்து வாய்க்கால் வெட்டி இடுப்பே போச்சு. அந்தச் செடி உனக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?"

ரொட்டிக்காரர் யாரிடமும் சொல்லாததை அக்காவிடம் கொட்டிவிட்டார்.

"அக்கா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், ஒரு ரெண்டு நாள் அதைக் கண்டுக்காம விட்டுடுங்க. அது வாடினாத்தான் அவ லீவு போடுவா. அவ கூட ஒரு நாள் முழுக்க இருக்கணும்க்கா. சாவி வாங்கறப்போ அவ விரல் படுதில்ல, அது போதலக்கா."

தையல்காரம்மா வாயைப் பிளந்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இஞ்ச் டேப்பின் நுனியால் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்கக்கா. எனக்கு வேற வழி தெரியல."

"அட பைத்தியக்காரத் தம்பி! நேத்து ராத்திரி உன் பொண்டாட்டியும் இதே எடத்துல நின்னு, 'அக்கா, அதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, நானே பத்து நாளா ஊத்தறதில்ல, அது வாடினாத்தான் அவரு லீவு போடுவாரு'ன்னு அழுதுட்டுப் போனாப்பா!"