பணியில் நீடிக்கும் மூன்றாம் மேஜை

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகக் கணினிகளில் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தை ஏற்றினார்கள். ஏற்றியதும் பிரிண்டர் படுத்துவிட்டது. கணினிக்காரர் எல்லாவற்றையும் போன மாதம் இருந்த நிலைக்கே திருப்பி வைத்தார். இந்தப் பின்வாங்கலுக்கு ‘சீரமைப்பு’ என்று பெயர் சூட்டி மேலதிகாரி சுற்றறிக்கை விட்டார்.

மறுநாள் ஒருவராலும் கணினிக்குள் நுழைய முடியவில்லை. மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற உத்தரவுக்குப் பணிந்து எல்லோரும் மாற்றியிருந்தார்கள். கணினிக்கோ பழையதுதான் தெரியும். பழையது யாருக்கும் நினைவில்லை. ஆளாளுக்கு மூன்று முறை தப்பாக அடித்து அவரவர் கணக்கைப் பூட்டிக்கொண்டார்கள். திறந்துவிடக் கணினிக்காரர் தயார். ஆனால் அதற்கான விண்ணப்பத்தை அவரவர் கணக்குக்குள் நுழைந்துதான் அனுப்ப வேண்டுமாம்.

உத்தரவை மதிக்காதவர் ஒரே ஒருவர், மூன்றாம் மேஜைக் குமாஸ்தா. மூன்று வாரம் முன்பு இறந்துபோன காரணத்தால் அவர் மாற்றவில்லை. அவருடைய கடவுச்சொல் திரையோரம் ஒட்டிய காகிதத்தில் பத்திரமாக இருந்தது. அன்று முதல் அலுவலகம் முழுக்க அவர் பெயரில் நடந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் இந்தச் சுறுசுறுப்பைக் காட்டியதே இல்லை.

நான்காம் நாள் அவர் மனைவி வந்தார். கணவரின் இறப்புச் சான்றிதழை அன்று மாலைக்குள் கொடுத்தால்தான் மகளுக்கு வாரிசு வேலை. அப்படியொரு இறப்பே பதிவில் இல்லை என்றார்கள். கணினிதான் போன மாதத்தில் இருக்கிறதே. சரி, மறுபடி பதியுங்கள் என்றார் அந்த அம்மா.

“பதிஞ்சா அவர் கணக்கு தானா மூடிக்கும்மா. அப்புறம் ஆபீஸே நின்னுடும்” என்றார் மேலதிகாரி.

“அடக்கத்துக்கு நீங்களே மாலையோட வந்தீங்களே சார்.”

“அது தனிப்பட்ட முறையில வந்தது. அலுவலக முறையில பார்த்தா, நேத்து மட்டும் நூத்திப்பத்து சான்றிதழ் கொடுத்திருக்காரு. வாரிசு வேலைக்கு இடம் காலியாகணும்ல? எங்க காலியாச்சு?”

அந்த அம்மா வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, நீங்களாவது நியாயம் கேளுங்கள் என்றார். இந்த அலுவலகம் நாசமாய்ப் போக என்று நாள் தவறாமல் சபிக்கிற ஜனம் அது.

முதலில் நின்றவர் தன் விண்ணப்பத்தை மூன்றாம் மேஜைப் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க சொல்றது நியாயம்தாம்மா. எங்க வேலை முடியற வரைக்கும் அவரு இருக்கட்டும்.”