தலையை ஆட்டியது யார்?

சலூன்காரருக்குப் பயம் என்பதே கிடையாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவரேதான். நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் முடி வெட்டி முடிப்பதற்குள் தன் வீரப் பிரதாபம் ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புவார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியாயிற்று, அவர் கையில் கத்தியும் இருக்கிறது. எழுந்து ஓட யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தப் பிரதாபங்களிலேயே பெரியது ரோலர் கோஸ்டர் கதை. கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பெரிய நகரத்தில், வானத்தை முட்டுகிற ரோலர் கோஸ்டரில், முன் சீட்டில், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு போனாராம். பக்கத்து சீட்டுக்காரர் மயங்கிவிட்டாராம். இவர் கொட்டாவி விட்டாராம். உண்மையில் அவர் வாழ்நாளில் ஏறிய மிகப் பெரிய உயரம், கடைக்குப் பெயிண்ட் அடிக்கப் போட்ட ஸ்டூல்தான். அப்போதும் ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சலூன்காரரும் கெட்டார். அவருடைய ஒரே மகள் பாப்பா, பத்து வயது, அப்பாவின் கதைகளை வரி பிசகாமல் ஒப்பிப்பவள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் நுழைந்தாள்.

"அப்பா, ஊருக்கு வெளியே பார்க் இருக்குல்ல, அங்க ரோலர் கோஸ்டர் வந்திருக்கு. நாம முன் சீட்ல போறோம். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

சலூன்காரரின் கையிலிருந்து சீப்பு நழுவியது.

"அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டும்மா. எனக்குப் பத்தாது."

"பத்தலைன்னா ரெண்டு தடவை போங்க," என்று ஒரு குரல் வந்தது. அது அவர் மனைவி. முன்னறை சலூன், பின்னறை வீடு, நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரை கொசுவைக்கூடத் தடுத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை கடையில கூட்டமா இருக்குமே."

"அதான் கடை லீவு அன்னைக்குப் போறோம். பாப்பாவுக்கும் அன்னைக்கு லீவுதான்."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

"குடை எடுத்துக்கலாம்."

"என் இடுப்பு வேற ஒரு மாதிரி..."

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே முடி வெட்டுற இடுப்பு. ரெண்டு நிமிஷம் உட்காரச் சொன்னா வலிக்குதாக்கும்."

சலூன்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், முடி வளர்ந்தால் இங்கேதான் வந்தாக வேண்டும். ஆனால் பாப்பா? அவள் கண்ணில் இருக்கிற அந்த வீர அப்பாவைத் தவிர அவருக்கு வேறு சொத்து ஏது? அந்த அப்பா மட்டும் கெட்டுப்போகக் கூடாது. ஏறவும் கூடாது, ஏறப் பயந்தார் என்ற பேரும் வரக் கூடாது.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, மறுநாள் சாயங்காலம் லீவர் ஷேவ் பண்ணிக்கொள்ள வந்தான். பார்க்கில் அந்த ரோலர் கோஸ்டரை ஓட்டுகிறவனே அவன்தான். விசையை இழுக்கிற வேலை என்பதால் ஊர் வைத்த பெயர் லீவர். நல்ல வேளையாக மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரைக்குப் பின்னால் பாப்பா மட்டும் உரக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

சலூன்காரர் சோப்பு நுரையைக் குழைத்து லீவரின் முகத்தில் பூசினார். பூசினார், பூசினார், மூக்கு மட்டும் மிச்சம் என்கிற வரைக்கும் பூசினார். கத்தியைத் தீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உன்னால எனக்கு ஒரு காரியம் ஆகணும். நாங்க பார்க்குக்கு வரப்போறோம். நான் முன் சீட்ல கெத்தா ஏறி உட்காருவேன். நீ கம்பியை இறக்கிப் பாரு. 'அண்ணே, உங்க தொப்பைக்குக் கம்பி பூட்டாது, இறங்குங்க'ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு. நான் சண்டைக்கு வருவேன். நீ விடாதே. கையைப் பிடிச்சு இறக்கிடு. என்ன?"

தொண்டையில் கத்தி இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்? லீவர் திறக்கவில்லை. சலூன்காரர் தாடைக்கு அடியில் மழிக்க அவன் தலையை நிமிர்த்தினார். கிருதாவைச் சரிபார்க்கத் தலையைக் குனியவைத்தார். மறுபடி நிமிர்த்தினார், மறுபடி குனியவைத்தார். கண்ணாடியில் அந்தத் தலை மேலும் கீழுமாகப் போய் வருவதைப் பார்த்ததும் அவர் மனசு குளிர்ந்துபோயிற்று.

"சரின்னுட்டே. நீ நல்லா இருப்பேடா தம்பி."

திரைக்குப் பின்னால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது. பாவம், குழந்தைக்கு மறந்துபோச்சு போல என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பார்க்குக்குப் போகிற பஸ்ஸில் சீட்டி அடித்துக்கொண்டே வந்தார்.

"எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட இவ்வளவு குஷியா உங்களைப் பார்த்ததில்லையே," என்றாள் மனைவி.

"வீரனுக்குப் போர்க்களம்தான்டி அம்மா வீடு."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை, பஸ் குலுங்குகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பார்க் சின்னது. ஒரு ராட்டினம், சுற்றுகிற கோப்பைகள், ஒரு குட்டி ரயில், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ரோலர் கோஸ்டர். பச்சைப் பாம்பு மாதிரி பண்ணியிருந்தார்கள். முன் பெட்டிதான் பாம்பின் தலை. அதில் ஒரு கண்ணுக்கு விளக்கு எரிந்தது, இன்னொரு கண்ணுக்கு எரியவில்லை. பெட்டிகள் மேட்டிலிருந்து இறங்கும்போது பக்கத்து டிக்கெட் கூண்டின் தகரக் கூரை நடுங்கியது. சலூன்காரருக்கும் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் லீவர் இருக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாப்பாவோடு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். காலையிலேயே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டு வந்திருந்தார். மூச்சை இழுத்து வயிற்றை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினார்.

லீவர் வந்து கம்பியை இறக்கினான். டக் என்றது.

"பூட்டலையா தம்பி?" என்று சத்தமாகக் கேட்டார்.

"ஜம்முனு பூட்டிருச்சுண்ணே."

"தொப்பை இடிக்குதே."

"ரெண்டு விரல் இடமே இருக்குண்ணே."

சலூன்காரர் கண்ணடித்தார். ஒரு கண் போதவில்லை என்று இரண்டையும் அடித்தார்.

"கண்ணுல தூசியாண்ணே?"

சலூன்காரர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் காதருகே இழுத்தார். "டேய், அன்னைக்கு ஷேவ் பண்றப்ப அவ்வளவு சொன்னேனே. நீயும் தலையை ஆட்டினியேடா."

"நான் எங்கண்ணே ஆட்டினேன்? நீங்கதான் பிடிச்சு ஆட்டினீங்க. காதெல்லாம் நுரை, ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் அக்கா வந்துதான் விஷயத்தைச் சொன்னாங்க. 'அவருக்கு முன் சீட்டுன்னா உயிரு, ஆனா ரொம்ப கூச்சப்படுவாரு. வேண்டாம் வேண்டாம்பாரு, விட்டுடாதே'ன்னாங்க."

சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு வெளியே மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் குடை. இன்னொரு கையால் டாட்டா காட்டினாள்.

பாம்பு கிளம்பிவிட்டது.

சங்கிலி கடகடவென்று மேலே இழுத்தது. மயிரைக் கட்டி மலையை இழுத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். இங்கே மலையே அவரை இழுத்துக்கொண்டு போனது. கீழே டிக்கெட் கூண்டு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அப்போது ஒரு சின்னக் கை அவர் கைக்குள் வந்து புகுந்தது.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. என் கையைப் பிடிச்சுக்கோங்க."

"பயப்படாதே, அப்பா இருக்கேன்ல," என்றார். சொன்னது அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

பிறகு பூமி கீழே போயிற்று. வயிறு மேலே வந்தது. கண்ணை அவர் மூடவில்லை, அது தானாக மூடிக்கொண்டது. எங்கோ ஒருவர் குலதெய்வத்தில் ஆரம்பித்து ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தார். மூன்றாவது வளைவில்தான் அது தாம் என்று தெரிந்தது.

பாம்பு நின்றுவிட்டது.

சலூன்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தலை இருந்தது, கால் இருந்தது, காலையில் சாப்பிட்டதும் இருந்தது. அவ்வளவுதானா? இதற்கா ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம்? மனசு காற்றாய்ப் பறந்தது. இனிமேல் ரோலர் கோஸ்டர் கதை பொய்யில்லை. அதைவிடப் பெரிய விஷயம், பயந்த குழந்தைக்கு அப்பா தைரியம் சொல்லியிருக்கிறார். வீர அப்பாவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பாப்பாவின் கையை அவர் விடவே இல்லை. கூட்டத்தில் தொலைந்துபோய்விடுவாளாம். ஐஸ்கிரீமை இடது கையால் சாப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாப்பா அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்தார்.

"ஒண்ணு கேக்குறேன். நான் லீவர்கிட்ட பேசினப்ப நீ வீட்டுலயே இல்லையே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் இல்ல. திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாளே."

சலூன்காரருக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஞாபகம் வந்தது.

"அவதான் வந்து சொன்னா. 'அப்பாவுக்குப் பயம்மா. தொப்பைன்னு எல்லார் முன்னாடியும் இறக்கிவிட்டா அவருக்கு அசிங்கமாப் போயிடும். நான் பயப்படுற மாதிரி கையைப் பிடிச்சுக்கிறேன், அப்ப அவருக்குத் தைரியம் வந்துடும்'னா. நான் லீவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதோட சரி."

"அப்ப, அந்தப் பெரிய நகரத்துக் கதை?"

"அதை அவ நம்புறதை விட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க சொல்றப்ப நல்லா இருக்குன்னுதான் கேக்குறா."

சலூன்காரருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் அடியில், இத்தனை வருஷம் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக் கீழே வைத்துவிட்ட மாதிரி ஒரு சுகமும் இருந்தது. பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தும் தோளில்தானே சாய்ந்திருக்கிறாள். இருந்தாலும் மனைவியிடம் முழுசாகத் தோற்க மனம் வரவில்லை.

"என்ன இருந்தாலும், கடைசியில பயம் போயிடுச்சு பார்த்தியா. இப்ப எனக்குத் துளி பயம்கூட இல்ல."

தோளில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்.

"அப்பா, இது பஸ்தான்ப்பா. இப்பவாவது என் கையை விடுங்க."