பன்னிரண்டாம் பாடத்தில் எனக்குப் பேய் பிடித்தது

ஒருவன் கெட்டுப்போனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. திடீரென்று திருந்தினால்தான் சந்தேகப்படுவார்கள். இதை நான் இருபது வயதில் முதுகில் மிலாறு அடி வாங்கித் தெரிந்துகொண்டேன். (மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. அடுப்புக்கு நல்லது, முதுகுக்கு ஆகாது.)

ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னை எட்டாம் வகுப்புவரை படிக்கவைத்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை ஒன்று காலியானது. படித்த பையன் என்று என் பெயர் அடிபட்டது. ஆனால் கணக்கப்பிள்ளை என்றால் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் திரட்டும் இடத்தில், இருநூறு பேர் முன்னால் நின்று, யார் எந்த மலைக்கு என்று சத்தம்போட்டு அனுப்ப வேண்டும். எனக்குக் கோழியை விரட்டவே குரல் வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மா இன்னும் பத்து வருஷம் கூடை சுமக்க வேண்டியதுதான். அவர் முழங்கால் அப்போதே வீங்கிக்கிடந்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமை என்னைத் தோட்டத் துரையிடம் அழைத்துப் போவதாகப் பெரிய கங்காணி சொல்லியிருந்தார். பெரியண்ணன் என்று பெயர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. அவரிடம் லீவு கேட்டால், செத்தால் தருகிறேன் என்பார். அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

என் கையில் ஒரு மாதம் இருந்தது. அட்டன் கடைத்தெருவில் பழைய புத்தகக்காரரிடம் ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டை கிழிந்து, எழுதியவர் பெயர் போயிருந்தது. கோழையை நாற்பது பாடங்களில் சிங்கமாக்குவதாக முதல் பக்கத்திலேயே உறுதி சொல்லியிருந்தது. (எனக்கு இருந்தது முப்பது நாள். சரி, முக்கால் சிங்கம் போதும் என்று கணக்குப்போட்டேன்.)

ஊர் எழும்புமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னது புத்தகம். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பீலிக் குழாயில் விழும் தண்ணீர் எங்கள் பக்கத்தில் ஐஸ்கட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூடுபனிக்குள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு நடுங்கி நடுங்கி வருவேன். அப்புறம் எங்கள் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் கரியால் ஒரு புள்ளி வைத்து, கண் கொட்டாமல் கால்மணி நேரம் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நாள் அந்தப் புள்ளி நகர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. முன்னேற்றத்தின் அறிகுறி என்று புத்தகம் சொன்னது. கருவாட்டைத் தள்ளிவைத்தேன். பேச்சைக் குறைத்தேன். கண்ணாடி முன் நின்று, “நான் பழைய ராசு இல்லை, எனக்குள்ளே வேறொருவன் விழித்துவிட்டான்” என்று தினம் இருபத்தோரு தடவை சொன்னேன். லயத்துச் சுவர் மெல்லிசு. பக்கத்துக் காம்பராக்காரர்கள் மூன்றாம் நாளே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் காலை, நான் சிரித்து முடித்த பிறகு கண்ணாடிக்குள் இருந்தவன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மட்டும் பதினெட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விடியுமுன் குளியல், வெறித்த பார்வை, சோறு இறங்காமை, தனியாகப் பேச்சு. புத்தகத்துக்கு இது சிங்கமாகும் வழி. அம்மாவுக்கும் ஊருக்கும் இதெல்லாம் பேய் பிடித்ததன் அறிகுறி, ஒன்றுகூட விடுபடவில்லை.

“அம்மா, புத்தகத்துல போட்டிருக்கும்மா” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அந்தப் பொஸ்தகம் யாரு வீட்டுதுன்னு தெரியுமாடா? செத்தவன் வீட்டுச் சாமானத்தான் கடையில கொண்டுபோய்ப் போடுவாங்க” என்று அம்மா அழுதார்.

ஒரு பாடம் படிய இரண்டு மூன்று நாள் பிடித்ததால், மாதக் கடைசியில் நான் பன்னிரண்டாம் பாடத்தில்தான் இருந்தேன்: எதிர்ப்பவர்களிடம் விளக்கம் சொல்லாதே, புன்னகையோடு நில். நின்றேன். அம்மா இரண்டடி பின்னால் போனார்.

சனிக்கிழமை உச்சி வேளைக்குப் பேயோட்டும் கோடாங்கியை வரச்சொல்லிவிட்டார்கள். “திங்கக்கெழம தொரைகிட்ட நிக்கணும். அதுக்குள்ள எறக்கிருங்க” என்று பெரிய கங்காணியே உத்தரவு போட்டாராம். பேயிறங்காதவனுக்கு வேலை இல்லை.

மலைமுனை மாடசாமி கோயிலடி. உச்சி வேளை என்று பேர்தான். பத்தடிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக முளைத்து வந்து உட்கார்ந்தார்கள். தோட்டமே வந்திருந்தது. கோடாங்கி தோளில் உடுக்கு, கையில் ஒரு கட்டு மிலாறு. வேப்பிலை நம் குளிருக்கு வளராது, உள்ளதை வைத்துத்தானே பேயோட்ட வேண்டும்.

உடுக்கு கிளம்பியது. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது.

“யாரு நீ? எங்க புடிச்ச? பேரச் சொல்லு!”

நான் புன்னகை செய்தேன்.

“பாத்தீங்களா, சிரிக்குது!” என்றார் கோடாங்கி. முதுகில் முதல் அடி விழுந்தது.

ஏழெட்டு அடிகளுக்கு மேல் என் ஆளுமை தாங்கவில்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றியது. யார் மனமும் நோகக்கூடாது. எங்கள் தோட்டத்தில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடினேன். செல்லம்மா மூன்று பேர், ராக்காயி இரண்டு பேர், மீனாச்சிக்குக் குறைவே இல்லை. எங்கிருந்தோ ஒன்று வந்து வாயில் உட்கார்ந்தது.

“அங்கம்மா” என்றேன்.

உடுக்கு நின்றுவிட்டது. கோடாங்கி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இருநூறு பேர் இருந்த இடத்தில் பனி சொட்டும் சத்தம் கேட்டது.

பெரிய கங்காணி எழுந்து என் முன்னால் வந்தார். தலைப்பாகையைக் கழற்றினார். தோட்டத்தில் அவர் மொட்டைத் தலையை அன்றைக்குத்தான் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

“அன்னிக்கி ஒனக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியும்மா” என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. “அப்ப நான் சில்லறைக் கங்காணி. எம்பொண்டாட்டிக்கு மட்டும் சலுகையான்னு கேப்பாங்கன்னு ஒன்ன மலைக்கு வெரட்டுனேன். ஒம்பதாம் நம்பர் மலையில நீ விழுந்து கெடந்தப்பகூட, நடிக்கிறன்னு சொன்னேன்.”

அவருக்கு ஒரு மனைவி இருந்ததே எனக்குத் தெரியாது. அந்த அம்மா அன்றைக்கு அந்த மலையிலேயே செத்துப்போனது நான் பிறக்குமுன் நடந்தது. எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லாததற்குக் காரணம் இருந்தது. அதற்குப் பிறகு பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயரை வைக்க அவர் விடவில்லை.

இந்த இடத்தில் நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். “ஐயா, நான் சும்மா சொன்னேன்” என்று காலில் விழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் வாயைத் திறந்தேன்.

“காய்ச்சல் அன்னிக்கே எறங்கிருச்சுங்க” என்று வந்தது. நாக்கு ஒட்டவில்லை, குரல் நடுங்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்றார்கள். “இப்ப குளிரு மட்டுந்தாங்க.”

பெரிய கங்காணி கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். குழந்தைக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். ஒரு பொத்தான் தப்பான துளையில் போய்விட்டது. அதையும் கழற்றித் திரும்ப மாட்டினார். ஊரே அழுதது. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர். ஒரு மாதப் பீலிக் குளியலையும் சேர்த்தாலும் அப்படியொரு குளிர் வராது. அடிபட்டவனுக்கு அதெல்லாம் வரும் என்று அப்புறம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

என் தலைமயிரில் ஒரு கொத்தை வெட்டிச் சவுக்கு மரத்தில் ஆணியடித்தார்கள். பேய் இறங்கிவிட்டது என்று கோடாங்கி அறிவித்தார். புத்தகம் அன்றே அம்மாவின் அடுப்புக்குப் போனது. மீதி இருபத்தெட்டுப் பாடங்களில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை துரை முன்னால் நான் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றையும் பெரிய கங்காணியே பேசினார். வேலை கிடைத்தது. மறுநாள் பெரட்டில் நான் தொண்டையைக் கனைத்தேன், அவ்வளவுதான். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு அவரவர் மலைக்குப் போய்விட்டார்கள். சண்டியர்கள்கூட என்னைக் கண்டால் ஒதுங்கி நடந்தார்கள். நான் மெல்ல மெல்ல நிஜமாகவே சத்தம்போடப் பழகினேன். தைரியம் பாதி வந்தது, மீதியை அவர்கள் பயம் பார்த்துக்கொண்டது. அம்மா இரண்டே மாதத்தில் கூடையை இறக்கிவைத்தார்.

ஆனால் அன்றிலிருந்து காய்ச்சல்காரர் ஒருவரையும் மலைக்கு அனுப்பவில்லை. நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். நெற்றி சுட யாராவது வந்து நின்றால், பெரிய கங்காணியே முந்திக்கொண்டு, “போம்மா, போய்ப் படு” என்பார். அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். என்னையா பார்த்தார் என்பது வேறு விஷயம்.

பனி இறங்கும் சாயங்காலங்களில் அலுவலக வாசலில் காத்திருப்பார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “குளிருதா?” என்று கேட்பார். முறுக்கிவிட்ட மீசையும் கையில் கணக்குப் புத்தகமுமாக நான் நிற்பேன். முதல் தடவை, “என்னங்க?” என்றேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து, “இப்ப இல்லீங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவர் கண் மூடும்வரை, பதினோரு வருஷம், ஒவ்வொரு பனிக்காலமும் இந்தப் பதிலைச் சொன்னேன்.

இந்தக் கதை என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்துசேர்ந்துவிட்டது. (அப்படியும் சம்மதித்தாள் என்றால் அவள் தைரியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இப்போதும் நான் வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்தி, “இனிமேல் இந்த வீட்டில்...” என்று ஆரம்பித்தால் போதும், சமையலறையிலிருந்து அவள், “குளிருதாங்க?” என்பாள். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஒரு போர்வையைக் கொண்டுவந்து என்மேல் போட்டுவிட்டுத்தான் ஓயும். நானும் சிரிப்பேன்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி என் காதில் விழுந்திருக்குமா என்று.

“இல்லப்பா. கங்காணி காதுல விழுந்துருமோன்னு ஒருத்தரும் அந்தப் பேர வாயில எடுக்க மாட்டோம்” என்றார். என் முகத்தையே பார்த்தபடி கையை நீட்டி, என் சட்டையின் மேல்பொத்தானை மாட்டிவிட்டார்.