நெடுங்காதனின் நாடித்துடிப்பு

காலை எட்டேகால் மணிக்கு, நிமிடத்துக்கு இருநூற்று எண்பத்தெட்டு என்று, கு. நெடுங்காதனின் நாடித்துடிப்பு பதிவானது. நடந்தது ஒரு காட்டில். தேதி ஜனவரி 5, திங்கட்கிழமை.

நெடுங்காதன் ஒரு முயல். காட்டின் கிழக்கு எல்லையில் எச்சரிக்கைத் தட்டுநர் வேலை பார்த்தார். செந்நாயோ சிறுத்தையோ நரியோ எல்லையை நெருங்கினால் பின்னங்காலால் தரையை மூன்று முறை ஓங்கித் தட்ட வேண்டும். கேட்டவர்கள் ஓடிவிடுவார்கள். ஆறு ஆண்டு தட்டியதில் ஒரு நாளும் தாமதம் கிடையாது. வேலையோடு ஒரு வளையும் கொடுத்திருந்தார்கள். பாறைக்கு அடியில், இரண்டு வாசல் வைத்த வளை. ஒரு வாசலில் பாம்பு எட்டிப் பார்த்தால் மறுவாசல் வழியாகப் போய்விடலாம். மனைவி பச்சையம்மாளும் ஐந்து குட்டிகளும் அதில்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆண்டு பிறந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லைப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் இதயத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது முயலின் நாடித்துடிப்பு இருநூறைத் தாண்டக் கூடாது. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வேலை போகும். வளையை ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்.

சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் தலைமை மருத்துவர் ஆமையப்பன். பெயருக்கேற்ற ஆமை. வயது நூற்று நாற்பது, துடிப்பு நிமிடத்துக்குப் பத்து. இதயத்துக்கு வரும் கேடெல்லாம் வாய் வழியாகத்தான் வருகிறது என்பது அவருடைய முடிவு. எது வந்தாலும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் வசதி உள்ளவருக்கு வேறு காரணம் தோன்ற வழியில்லை. அவர் தயாரித்த படிவத்தில் இருபத்தாறு கேள்விகள் இருந்தன. இருபத்தாறும் சாப்பாட்டைப் பற்றியவை. நோயாளிகளை அவர் பார்ப்பதில்லை. படிவம் உள்ளே போகும், கையெழுத்தோடு வெளியே வரும்.

மருத்துவ முகாமில் நோயாளிகளைப் பார்த்தவர் சிஸ்டர் பொற்கொடி. அவர் ஒரு நரி.

சிஸ்டர் நல்ல மாதிரி. குரல் உயர்த்திப் பேச மாட்டார். பதினோரு வருட சர்வீஸில் அவர்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. புகார் கொடுத்திருக்கக்கூடிய சிலர் முகாமிலிருந்து வீடு திரும்பவில்லை என்று ஒரு பேச்சு உண்டு, ஆதாரம் இல்லை.

பரிசோதனை எளிமையானது. காதில் ஒரு கிளிப்பை மாட்டினால் பக்கத்துப் பெட்டியில் எண் விழும். முயல் காதில் கிளிப் வழுக்கும் என்பதால் சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அப்போது அவருடைய மூக்கு முயலின் கழுத்திலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருக்கும்.

“எதுக்கு தம்பி இப்படி நடுங்குறீங்க? நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?” என்றார் சிஸ்டர்.

அதுவரை இருநூற்று அறுபதில் நின்ற எண் இருநூற்று எண்பத்தெட்டுக்குப் போனது அப்போதுதான்.

சிஸ்டர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். புல் என்றார் நெடுங்காதன். வேறு? கொஞ்சம் அருகம்புல். வேறு? துருவித் துருவிக் கேட்டதில், எஸ்டேட் வேலியோரம் உதிர்ந்து கிடந்த காப்பிப் பழம் நாலைந்து தின்றதை ஒப்புக்கொண்டார். சிஸ்டர் முகம் தெளிந்தது. பதினான்காம் கேள்விக்கு எதிரே பெரிதாக டிக் போட்டார்.

அன்று மாலையே ஆமையப்பனின் உத்தரவு வந்தது. காப்பிப் பழம் கூடாது. உப்பு மண் நக்கக் கூடாது. கிழங்கு கூடாது. காலையில் வெந்தய இலை, மதியம் வெள்ளரி, ராத்திரி வெறும் தண்ணீர்.

நெடுங்காதன் அப்படியே கடைப்பிடித்தார். இடுப்பு எலும்பு தெரிந்தது. குட்டிகள் கிழங்கு கடிக்கும் சத்தம் கேட்டால் வளையின் மறுவாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். காப்பிப் பழத்தை விட்டதில் உண்மையாகவே கொஞ்சம் பலன் இருந்தது. படுத்திருக்கும்போது நெஞ்சில் காதை வைத்துக் கேட்ட பச்சையம்மாள், முன்னைவிட நிதானமாக அடிக்கிறது என்றார். நெடுங்காதன் நம்பிக்கையோடு கிளம்பினார்.

இரண்டாம் பரிசோதனை ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. சிஸ்டர் பொற்கொடிக்குச் செவ்வாய்தோறும் விரதம்.

“காலையிலருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல தம்பி,” என்றபடி கிளிப்பை மாட்டினார். அவர் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் வெள்ளரிக்காயையும் நிறுத்தினார்.

பச்சையம்மாள் ஒற்றை வாசல் வளை எங்காவது காலியாக இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வந்தார். அதை நெடுங்காதன் கவனித்தார்.

ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, புதிய உணவுத் தாளை வாங்க முகாமுக்குப் போனார். சிஸ்டர் அப்போதுதான் நாத்தனார் வீட்டு வளைகாப்பிலிருந்து வந்திருந்தார். கண் சொருகியிருந்தது. வந்ததுதான் வந்தீர்கள், சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கிளிப்பை மாட்டி, மாட்டிய கையோடு ஒரு ஏப்பம் விட்டார். நூற்றுத் தொண்ணூற்றாறு. பரிசோதனை நாள் அல்ல என்பதால் அதைப் பதிவு செய்ய விதியில் இடமில்லை.

நெடுங்காதன் இதை வீட்டில் வந்து சொன்னார். வெறும் தண்ணீர்தான் வேலை செய்திருக்கிறது, இனிமேல் அதையும் குறைத்துப் பார்க்கப் போகிறேன் என்றார்.

பச்சையம்மாள் குட்டியின் காதைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “என்னங்க, இன்னைக்கு அந்தம்மா என்ன சாப்பிட்டிருந்தாங்க?”

“நண்டும் மீனும்னு சொன்னாங்க. எதுக்கு?”

“செவ்வாக்கிழமை?”

நெடுங்காதன் மடியில் இருந்த உணவுத் தாளை எடுத்து முதல் தடவையாக நிதானமாகப் படித்தார். மூன்று கட்டங்கள் இருந்தன. உணவு, அளவு, நேரம். யார் சாப்பிடுவது என்ற கட்டம் இல்லை.

மறுநாள் காலை அவரே ஒரு தாளை நிரப்பி டாக்டரின் ஒப்புதலுக்கு அனுப்பினார். உணவு: நண்டு, மீன். அளவு: ஆறு, இரண்டு. நேரம்: பரிசோதனைக்கு அரைமணி முன். ஆமையப்பன் ஒரு முயல் புரதத்தில் அக்கறை காட்டுவதைப் பாராட்டி ஓரத்தில் இரண்டு வரி எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி அனுப்பினார்.

பிப்ரவரி 4, புதன்கிழமை, மூன்றாவதும் கடைசியுமான பரிசோதனை. நீர்நாயிடம் சொல்லிப் பச்சையம்மாள் வாங்கி வைத்திருந்த நண்டு, மீன் தூக்குவாளியோடு நெடுங்காதன் ஏழே முக்காலுக்கே போய் நின்றார். தூக்கைச் சிஸ்டர் முன்னால் வைத்து, உத்தரவை நீட்டினார்.

சிஸ்டர் இரண்டு முறை படித்தார். இதை யார் சாப்பிட வேண்டும் என்று போடவில்லையே என்றார். எனக்கு நண்டு ஒத்துக்காது சிஸ்டர், ஆனால் உத்தரவு வீணாகக் கூடாது என்றார் நெடுங்காதன். சிஸ்டர் முத்திரையைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அவர் முத்திரையை மீறியதில்லை.

நான்காவது நண்டோடு போதும் என்றார். டாக்டர் ஆறு என்று எழுதியிருக்கிறார் என்று நெடுங்காதன் பணிவாக நினைவுபடுத்தினார். ஆறும் முடிந்தது. ஒரு மீனும் முடிந்தது. கிளிப் ஏறியது.

இருநூற்று நாற்பது. சிஸ்டர் கொட்டாவி விட்டார். இருநூற்றுப் பதினைந்து. நாற்காலியில் சாய்ந்தார். இருநூற்று நான்கு. இருநூற்று ஒன்று. எண் அங்கேயே நின்றது. சிஸ்டர் பேனாவைத் திறந்தார்.

“அந்த ரெண்டாவது மீன் அப்படியே இருக்கு சிஸ்டர்,” என்றார் நெடுங்காதன்.

“தம்பி, முடியாதுப்பா.”

“உத்தரவு சிஸ்டர்.”

சிஸ்டர் பெருமூச்சு விட்டு அதையும் சாப்பிட்டார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

சான்றிதழில் இப்படி எழுதியிருந்தது: ‘முறையான உணவுப் பழக்கத்தால் நாடித்துடிப்பு சீரடைந்தது.’ அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்று வளையில் கிழங்கு அவித்தார்கள்.

செய்தி பரவ இரண்டு நாள் ஆனது. புள்ளிமான்கள், காடைகள், அணில்கள் என்று முகாமுக்கு வந்தவர்கள் எல்லோரும் தூக்கோடு வந்தார்கள். எல்லோருடைய துடிப்பும் இறங்கியது. ஆமையப்பனின் முறைக்கு நூற்றுக்கு நூறு வெற்றி என்று அறிக்கை போனது. நண்டுகள் சார்பில் ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை. ஆட்சேப மனுவோடு புறப்பட்ட நண்டு ஒன்று தவறுதலாகத் தூக்கில் ஏறிவிட்டதாகத் தெரிகிறது.

ஒரு மாதத்தில் சிஸ்டர் பொற்கொடிக்கு வாசல் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தன் காதிலேயே கிளிப்பை மாட்டிப் பார்த்தார். நூற்று ஐம்பது. விதிப்படி படிவம் நிரப்பி டாக்டருக்கு அனுப்பினார். ஆமையப்பன் இருபத்தாறு பதில்களையும் படித்துவிட்டு, தன் வாழ்நாளில் இவ்வளவு மோசமான படிவத்தைப் பார்த்ததில்லை என்று எழுதினார். நாற்பத்தெட்டு நாளுக்கு நண்டு, மீன், கறி எதுவும் கூடாது. வேளைக்கு ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீர் மட்டும்.

சிஸ்டர் உத்தரவை மீறுகிறவர் அல்ல. மார்ச் 9, திங்கட்கிழமை, கொள்ளுத் தண்ணீரைத் தொடங்கினார்.

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குச் சிஸ்டர் பொற்கொடி முகாமுக்குப் போகும் வழியில் கிழக்கு எல்லையைக் கடந்தார். பணிக்குப் போகிறவர் என்று இத்தனை நாள் விட்டுவைத்திருந்த நெடுங்காதன், இந்தத் தடவை மூன்று முறை தட்டினார். அன்று முகாமில் டோக்கன் வாங்க யாரும் வரவில்லை. காட்டில் ஒருவருக்குக்கூட நாடித்துடிப்பு அதிகம் என்று பதிவாகவில்லை.

நீதி: ஓய்வு நேர நாடித்துடிப்பு உணவைப் பொறுத்ததுதான். உங்கள் நாடியைப் பிடிப்பவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள்.