பளீல் நானாவின் இரவல் வாய்

வாசகரே, கேட்காமலே இரவல் கொடுக்கும் இனம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. கொடுப்பது குடையோ ஏணியோ அல்ல, சொந்த வாயை. விருந்தாளியிடம் "சீனி போடவா?" என்று கேளுங்கள், விருந்தாளியின் மனைவி "வேணாம்" என்பார். பிள்ளையிடம் பெயரைக் கேளுங்கள். தகப்பன் சொல்வார், எந்த வகுப்பு என்பதையும் சேர்த்து. பிள்ளை பாவம், சொல்லத் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த இனத்துக்கே திலகம் நாவலப்பிட்டி அனீஸா. அவருடைய கணவர் பளீல் நானாவுக்குக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடை. தன் நிக்காஹ்வில் "ஒப்புக்கொண்டேன்" என்றதுதான் நானா சொந்தமாகப் பேசிய கடைசி வார்த்தை என்று அவருடைய தம்பி அரூஸ் சொல்வதுண்டு. நானா அதையும் மறுத்துப் பேசியதில்லை.

சில மாதங்களாக நானாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்த டொக்டர் "எங்க சிக்குது?" என்று அவரைக் கேட்டாலும், "தொண்டையிலதான் டொக்டர், சோறு எறங்குறல்ல" என்று பதில் பக்கத்துக் கதிரையிலிருந்து வரும். டோர்ச் அடித்துப் பார்த்தார்கள், உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள், பாணி மருந்து கொடுத்தார்கள். நானாவோ சட்டைக்குள் ஆடும்படி மெலிந்துகொண்டே போனார். அனீஸா உள்ளுக்குள் நடுங்கிப்போனார். பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அனீஸாவுக்கு அவிழ்ந்துகொள்ளும்.

கடைசியில் ஒரு டொக்டர் கண்டிக்கு அனுப்பினார், பேரியம் எக்ஸ்ரேக்கு. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, ஆளை நிறுத்தி, சரித்து, படுக்கவைத்து, புரட்டி, அது இறங்கும் வழியைப் படம் எடுக்கும் சோதனை. படம் எடுப்பவள் நிலூஷா, ஹந்தானைத் தோட்டத்துப் பெண். வெளியே நிற்கச் சொன்னால் நிற்கிறவரா அனீஸா? ஈயக் கண்ணாடிக்குப் பின்னால், நிலூஷாவின் தோளை உரசிக்கொண்டு, மைக்குக்குக் கிட்டவே நின்றார்.

"ஐயா, கொஞ்சம் இடது பக்கமா சரிஞ்சு நில்லுங்க," என்றாள் நிலூஷா மைக்கில்.

"அந்தப் பக்கம் சரிஞ்சா அவருக்குக் கழுத்துப் புடிக்கும், மகள்."

பளீல் நானா பாதி திரும்பிய நிலையில் தீர்ப்புக்குக் காத்திருந்தார். நிலூஷாவே உள்ளே போய் ஒருவழியாகத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தாள்.

"இப்ப ஒரு வாய் எடுத்து, வாயிலயே வச்சிருங்க. சொன்னதும் முழுங்குங்க."

நிலூஷாவின் விரல் பொத்தானுக்குப் போவதற்குள், "முழுங்குங்க," என்றது பழகிய குரல். நானா விழுங்கினார். படத்தில் வந்தது வெறும் நெஞ்சுக்கூடு. அடுத்த வாய். "மெதுவா முழுங்குங்க, பொரையேறும்." அதுவும் போயிற்று. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் இருவருக்குக் கீழ்ப்படிய முடியுமா? மூத்த உத்தரவுதான் செல்லும்.

கோப்பையில் ஒரு வாய்தான் மிச்சம். நிலூஷா பெருமூச்சு விட்டாள்.

"சரி உம்மா, ஒங்க பேச்சத்தானே கேக்குறாரு. நான் கையக் காட்டினதும் நீங்களே சொல்லுங்க." மைக்கில் மறுபடி, "ஐயா, மருந்த வாயில வச்சுக்கிட்டு, சாப்பாடு எங்க சிக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க."

"தொண்டையில," என்றார் அனீஸா.

வாய் நிறைய மருந்தோடு நின்ற நானா விரலைத் தூக்கினார். அது தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, வயிற்றுக்குச் சற்று மேலே போய் நின்றது. நிலூஷா கையைக் காட்டினாள். அனீஸா அந்த விரலைப் பார்த்தபடியே சொன்னார்.

"முழுங்குங்க."

திரையில் அந்த வெள்ளை தொண்டையைத் தடையில்லாமல் கடந்தது. விரல் இருந்த இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே வந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம், "தொண்டையெண்டுதானே இவ்வளவு நாளும்..." என்று தொடங்கினார் அனீஸா.

"நான் அப்பிடிச் செல்லல்லயே," என்றார் நானா, கோபமே இல்லாமல். "நீங்கதான் தொண்டையெண்டு சென்னது."

பிறகு டொக்டரின் அறை. அவர் நானாவைப் பார்த்துக் கேள்வி கேட்டதும் அனீஸாவின் வாய் திறந்தது. முந்தானையை எடுத்து வாயை அவரே பொத்திக்கொண்டார். நானா காத்திருந்தார். பதில் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவரே பேசத் தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தவில்லை: இறைச்சியை மென்று மென்று சட்டைப்பை லேஞ்சியில் துப்பி ஒளித்தது வரை எல்லாம் வந்தது. லேஞ்சிகளில் எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்பது அனீஸாவுக்கு அன்றுதான் விளங்கியது. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

உணவுக்குழாயின் அடியில் சுருங்கியிருக்கிறது, விரித்துவிடலாம், புற்றுநோய் மாதிரிப் பொல்லாத வருத்தமாகத் தெரியவில்லை என்றார் டொக்டர். அனீஸா ஓசையில்லாமல் அழுதார். "என்னம்மா, இப்ப நிம்மதிதானே?" என்று அவரைக் கேட்டார் டொக்டர்.

"நிம்மதிதான் டொக்டர்," என்றார் பளீல் நானா.

எனவே வாசகரே, இந்த நோய் தொற்றக்கூடியது. உங்கள் வீட்டில் யாருக்காவது தொற்றியிருக்கிறதா? என்ன சொல்கிறீர்கள், யாருக்குமே அந்தப் பழக்கம் இல்லையா? மன்னிக்கவும், நான் உங்களைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கிறாரே, அவரைக் கேட்டேன்.