பெரிய மூளைக்குக் கரண்ட் கட்

இனி வீட்டில் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து வரும்போதே ஜெறோம் முடிவெடுத்துவிட்டான். மத்தியானம் கிரிக்கெட் மேட்ச். விட்டால் தேங்காய் துருவு, கோழிக்கூட்டைக் கூட்டு என்று மனைவி அனிற்றா ஆரம்பித்துவிடுவாள். கிழமையெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனுக்குக் கங்காணி.

ஜெறோமுக்கு ஓப்பநாயக்கவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மாட்டேன் என்று மொட்டையாகச் சொன்னால் வீடு ரெண்டாகும். விஞ்ஞானமாகச் சொன்னால்?

"இங்க பாரு அனிற்றா. இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல ரெண்டு வகை மூளை. சில்லறை வேலையெல்லாம் சின்ன மூளை பாத்துக்கும். ஓயாம ஓடும், ஆனா கரண்ட் கொஞ்சந்தான் இழுக்கும். பெரிய மூளை தூங்கும். பெரிய வேலை வந்தா மட்டும் எழும்பும்."

"நம்ம வீட்டுல சின்னது நானா?"

"அட, நீயே கண்டுபிடிச்சிட்டியே!"

"தூங்குற பெரிசுக்குக் கரண்ட் குடுப்பாங்களா?"

"சொட்டும் குடுக்க மாட்டாங்க. அதுலதானே மிச்சமே!"

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னாள் அனிற்றா.

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். பாவி மனுஷன், டிவி முன்னால் காலை நீட்டிவிட்டான்.

கோழிக்கறி வாசம் லயத்து வீடுகளையே தூக்கியது. தட்டோடு அடுப்படிக்குப் போனான். அனிற்றா சாப்பிட்டுக் கைகழுவி, சட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு?"

"தூங்குற பெரிசுக்கு எதுக்குங்க கரண்ட்?"

"அடியேய், அது கம்ப்யூட்டருக்கு!"

"காலையில பெரட்டுக் களத்துக்கு வந்து வேலைக்கு எறங்காத ஆளுக்கு எந்தத் தோட்டத்துல சம்பளத்துக்குப் பேர் போடுறாங்க? உங்க கம்ப்யூட்டரும் அதைத்தானே சொல்லுது!"

வாசம் மானத்தை வென்றது. "சரி, பெரிய வேலை ஏதாச்சும் சொல்லு."

"பீலியில தண்ணி நின்னுபோச்சு. மலை உச்சியில குழாய் அடைச்சிருக்கும்."

ஏறினான். வழுக்கினான். அட்டைகள் அவனை ஆசைதீரக் குடித்தன. தண்ணீர் வந்தது, தட்டில் கோழிக்காலும் வந்தது. கடைசி எலும்பை அவன் உறிஞ்சும்போது டிவியில் கூட்டம் கத்தியது. ஓடப்போனவனை அனிற்றா மறித்தாள்.

"அடுத்த பெரிய வேலை, அந்தப் பலாக்கட்டையைப் பொளக்கணும்."

ஜெறோம் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயோ தாயே! நான் சின்ன மூளையாவே இருந்துர்றேன்!"

அனிற்றாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. துருவலைக்கட்டையையும் விளக்குமாற்றையும் அவன் முன்னால் வைத்தாள். டிவி முன்னால் போய்க் காலை நீட்டினாள்.

"அப்ப இனிப் பெரிசு நான். கரண்ட் வேணாம், சாப்பிட்டாச்சு. மேட்ச் முடிஞ்சதும் எழுப்புங்க."