வெண்டலை வெளியே வைக்க ஒரு விதி

எல்க் கிரீக், விஸ்கான்சின்
நவம்பர் 12

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மாப்பிள்ளை லாயிட் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் புது இடுப்பெலும்பு நன்றாக வேலை செய்கிறது என்று உங்கள் மகள் ஜோலீன் சொன்னாள். மிக்க சந்தோஷம். இங்கே வேலை செய்யாதது உங்கள் மகன் வெண்டல் மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பந்து உருட்டி விளையாட வருகிறவர்களுக்கு நம் பௌலிங் விடுதியில் பத்தொன்பது வருஷமாக மீன் பொரிக்கும் ஆர்லீன் போன வாரம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, வயசான காலத்துக்குன்னு ஒரு சேமிப்புத் திட்டம் போடறியா, இல்ல எதிர்த்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகட்டுமா? அங்க போடறாங்களாம்” என்றாள். ஆர்லீன் போனால் மீன் போச்சு, மீன் போனால் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. பதறிப்போய்த் திட்டக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஊழியர் போடும் பணத்தோடு முதலாளியும் கொஞ்சம் போட வேண்டுமாம். “யார் யார் சேரலாம்னு நீங்கதான் விதி வைக்கணும் சார்” என்றாள் போனில் பேசிய பெண். “வெண்டல் தவிர எல்லாரும்னு எழுதிக்கம்மா” என்றேன். பேர் சொல்லி ஒதுக்கக் கூடாதாம். வயது வைக்கலாம், ஆனால் இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது; வெண்டலுக்கு நாற்பத்து நாலு. ஒரு வருஷ சர்வீஸ் வைக்கலாம். அவன் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, நான் போகச் சொன்னதும் ஆறு தடவை. கடைசியில் கிடைத்தது வழி: வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் வேலை செய்தவருக்கு மட்டும். சந்தோஷத்தில் நான் குதித்த குதியில் விடுதி சோபாவில் படுத்திருந்த வெண்டல் ஒரு கண்ணைத் திறந்தான்.

“மாமா, ஆயிரம்னா ஜாஸ்தியா, கம்மியா?”

“உனக்கு ஜாஸ்திடா.”

“அப்ப சரி மாமா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆகவே விதியை எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. பெற்றவள் நீங்கள்தான் அவனுக்கு இதமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அந்த சோபாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உங்கள் இடுப்புக்கும் மனசுக்கும் கர்த்தர் பலம் தரட்டும்.

உங்கள் மாப்பிள்ளை,
லாயிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், வந்த நேரமும் போன நேரமும் மெஷினில் அடிக்கும் நேர அட்டைகளை ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். வரும்போது அட்டை அடிக்கும் வெண்டல், போகும்போது அடிப்பதில்லை. அவன் எங்கே போகிறான்? அவனுக்கு நாலாயிரத்து இருநூறு மணி நேரம். ஆர்லீனுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. உங்கள் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் உங்களோடு உட்கார்ந்திருந்தாளே, அந்த நாலு மணி நேரம்தான் குறைகிறது. அட்டையே அடிக்காத எனக்குப் பூஜ்யம். என் கடையில் தகுதியுள்ள ஒரே ஆள் உங்கள் மகன்.

விதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் வேலை செய்து சம்பளம் வாங்கிய யாரும் இனி சேரலாம். ஆர்லீன் கரண்டியை எடுத்துவிட்டாள். வெண்டலும் சேர்ந்துவிட்டான். போன கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டுக் கறாராகச் சம்பளம் கேட்டு வாங்கிக்கொண்டீர்களே, அத்தை, உங்கள் விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.